பச்சை பூத்த கண்மாய்

"யாருங்க அது... தண்ணிக்குள்ள என்னத்த ஊத்துதீங்க?"

கரைமேலிருந்து வந்த அதட்டலில் அனுசியாவின் கையிலிருந்த பாட்டில் நழுவித் தண்ணீரில் விழுந்தது. முழங்கால் ஆழத்தில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு குனிந்து நின்றவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

மடித்துக் கட்டிய கைலி. தோளில் சுருட்டிய வலை. வெயிலில் கறுத்த முகம்... அந்த முகம் முழுக்கக் கோபம். ஆனால் அந்தக் கண்கள்? கோபத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கண்கள். இப்போதுதான் தூங்கி எழுந்த குழந்தையினுடையவை மாதிரி...

'சே, திட்டு வாங்குற நேரத்துல கண்ணையா பாக்குறது' என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

"ஊத்தலைங்க. எடுக்கேன்."

"எதை?"

"உங்க தண்ணியை."

"ஏன், உங்க ஊர்ல குழாய்ல வரலையா?"

அனுசியாவுக்குச் சுருக்கென்றது. நழுவிய பாட்டிலைத் துரத்திப் பிடித்துக்கொண்டு, சேறு வழுக்க வழுக்கக் கரையேறி வந்தாள்.

"குடிக்கிறதுக்கு எடுக்கலை சார். ஆராய்ச்சிக்கு. நான் ராஜபாளையம். அங்க காலேஜ்ல பிஎச்.டி. பண்றேன். இங்கேயிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுத்துப்பட்டு வரைக்கும் எந்தக் கண்மாய்ல பச்சை பூத்தாலும் நான் வருவேன்."

அவன் கண்மாயைத் திரும்பிப் பார்த்தான். வன்னியம்பட்டிக்குக் கிழக்கே கிடந்த அந்த ஆலடிக் கண்மாயில், போன வருஷத்து மழைத் தண்ணீர் பாதிக்குமேல் இன்னும் மிச்சமிருந்தது. அதன்மேல் யாரோ பச்சைப் பெயிண்டைக் கரைத்து ஊற்றியது போல ஒரு படலம்.

"இந்தப் பாசியையா படிக்கீங்க?"

"பாசி மாதிரி தெரியும். நிசத்துல இது பாக்டீரியா. மைக்ரோசிஸ்டிஸ்னு பேரு. இதுல ஒரு ரகம் விஷத்தை உண்டாக்கும். இன்னொரு ரகம் ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் பாக்க ஒரே மாதிரி... மைக்ராஸ்கோப்புல வச்சாக்கூட வித்தியாசம் தெரியாது. உள்ள இருக்கிற மரபணுவைப் பாத்தாத்தான் தெரியும்."

"மனுசங்க மாதிரின்னு சொல்லுங்க."

அவள் சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

அவன் பெயர் சோலைராஜ். பி.காம். படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பார்த்தான். உட்கார முடியவில்லை. ஊருக்கே திரும்பி வந்து, கண்மாயை மீன் வளர்க்கக் குத்தகை எடுத்துக் கட்லா, ரோகு மீன்குஞ்சுகளை விட்டிருந்தான்.

"நீங்க கரையோரமாவே மொண்டுக்கிட்டு இருக்கீங்களே... நடுவுல வேண்டாமா?"

"வேணும். ஆனா நீச்சல் தெரியாது."

"தெப்பம் இருக்கு. வாங்க."

தெப்பம் என்று அவன் சொன்னது, தெர்மாகோல் பலகைகளைப் பழைய வலையில் பொதிந்து கட்டிய ஒரு மிதவை. அனுசியா அதையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது ரெண்டு பேரைத் தாங்குமா?"

"நேத்து நானும் ஒரு மூட்டை தவிடும் போனோம். நீங்க மூட்டையைவிடக் கம்மியாத்தான் இருப்பீங்க."

"ரொம்ப நன்றி."

ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். மூங்கில் கழி சேற்றில் ஊன்றி எழும் சத்தம்... நீர்க்காகம் ஒன்று சடசடவென்று எழுந்து போகும் சத்தம்... மெல்லக் கண்ணைத் திறந்தபோது, மேற்கே மலை முழுக்க மேகத்துக்குள் ஒளிந்திருந்தது. முன்னால் அவனுடைய முதுகு. தெப்பம் லேசாகச் சாய்ந்தது. சட்டென்று அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்... அவன் திரும்பவில்லை. ஆனால் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள்.

"எப்ப மீன் பிடிப்பீங்க?" பேச்சை மாற்றுவதற்காகக் கேட்டாள்.

"புரட்டாசி முடியட்டும். இந்த மாசம் நம்ம பக்கம் யாரு மீன் தொடுதா? சனிக்கிழமை ஆனா ஊரே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில, மலைமேல பெருமாள் கோயில்ல நிக்கும். ஐப்பசி பொறந்ததும் வலை போட்டுருவேன். எங்க அம்மாகிட்டச் சொல்லியிருக்கேன்... இந்தத் தடவை நல்லா வந்தா, ஒழுகுற வீட்டுக்கு ஓடு மாத்திருவோம்னு."

அவன் அதைச் சொன்ன விதத்தில் ஒரு வெகுளித்தனம் இருந்தது. அன்று ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் பச்சைத் தண்ணீர்ப் பாட்டில்களை வைத்துக்கொண்டு, அனுசியா காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே போனாள்.

அடுத்த வாரம் அவள் மறுபடி வந்தபோது கண்மாய்க் கரையில் கூட்டமாக இருந்தது.

நடுவில் மாரிச்செல்வி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். ஊரில் ஆடு வளர்ப்பவள். முந்தின நாள் மேய்ச்சலுக்குப் போய் வந்த ஆடுகள் தீனி எடுக்காமல் நடுங்கி நின்றிருக்கின்றன. விடிவதற்குள் பாதி மந்தை செத்துவிட்டது. கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்துவிட்டு, ஈரல் கெட்டுப் போயிருக்கிறது, தண்ணீரில் ஏதோ கோளாறு என்று சொல்லிப் போயிருந்தார்.

"மீன் வளக்கேன் மீன் வளக்கேன்னு என்னத்த மருந்தைக் கொட்டினானோ..." என்று கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் தவிடும் புண்ணாக்கும்தான் போடுதேன். மருந்து ஒரு சொட்டு போட்டதில்ல." சோலைராஜின் குரல் கம்மியிருந்தது. அனுசியாவைக் கண்டதும் அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. "இந்தா, படிச்சவுக வந்துட்டாக. அவுககிட்டயே கேளுங்க."

எல்லாக் கண்களும் அவள்மேல். ஊர்ப் பெரியவர் பால்ச்சாமி முன்னால் வந்தார். "சொல்லும்மா... இந்தத் தண்ணியில என்ன இருக்கு?"

அனுசியா பையிலிருந்த சின்ன மைக்ராஸ்கோப்பை எடுத்து ஒரு துளியை வைத்துப் பார்த்தாள். அதேதான். உருண்டை உருண்டையாய்க் கூட்டம் கூட்டமாய் மைக்ரோசிஸ்டிஸ். செத்த ஆடுகள்... கெட்டுப்போன ஈரல்... எல்லாம் பொருந்தி வந்தது. இன்னும் சோதனை முடியவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது கரையோரம் ஒரு பெண், கைக்குழந்தையைத் தண்ணீரில் இறக்கிக் கால் கழுவிவிட்டுக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது. குழந்தை நனைந்த கையை வாயில் வைத்தது.

"குழந்தையைத் தூக்குங்க," என்று ஓடிப்போய்த் தானே தூக்கினாள் அனுசியா. "இது விஷப் பாசி. இந்தத் தண்ணியை யாரும் தொடாதீங்க. மாட்டுக்குக் காட்டாதீங்க. மீனும்... மீனும் சாப்பிடாதீங்க."

கூட்டம் பின்வாங்கியது. அந்த அமைதியில் அவள் திரும்பிப் பார்த்தபோது சோலைராஜ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். திட்டவில்லை. ஆனால் அந்தக் கண்களில் ஒரு விளக்கு அணைந்து போயிருந்தது.

அவன் பேசியது பிறகுதான்... அவள் பஸ்ஸுக்கு நின்ற இடத்துக்கு வந்து.

"சிவகாசி மார்க்கெட்ல இருந்து போன் வந்துச்சு. மீன் வேண்டாமாம். அதுக்குள்ள சேதி போயிருச்சு."

அவள் பையைத் தோளில் ஏற்றி மாட்டிக்கொண்டாள்.

"பாக்க ஒரே மாதிரி இருக்கும், மைக்ராஸ்கோப்புல வச்சாலும் தெரியாதுன்னு நீங்கதான சொன்னீங்க? இன்னைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?"

"ஒரு பச்சைப் புள்ளை தண்ணியை வாயில வைக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

"புள்ளையைத் தூக்குனது சரி. நானா இருந்தாலும் தூக்கியிருப்பேன். ஆனா 'விஷமா இருக்கலாம்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? 'இருக்கலாம்'... அந்த ஒரு வார்த்தையில என் பொழைப்பு இருந்துச்சு மேடம்."

அவளுக்குள் தன்மானம் சிலிர்த்தது. "உயிரைவிட மீன் பெருசா? எனக்கு எது சரின்னு தோணுச்சோ அதைச் சொன்னேன். அதுக்கு நான் வருத்தப்பட மாட்டேன்."

"சரிங்க. வருத்தப்பட வேண்டாம்."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாக உட்கார்ந்தாள். பார்த்துவிட்டாள்... அவன் போயிருந்தான்.

ஆய்வகத்தில் அவளுடைய கூட்டாளி ஃபாயிஸா. இருவரும் ஒரே பேராசிரியரிடம் படிப்பவர்கள். மரபணுவைச் சோதிக்கும் பி.சி.ஆர். மெஷினுக்கு முன்னால் இரண்டு நாளாகச் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் அனுசியாவை ஃபாயிஸா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

விஷத்தை உண்டாக்கும் மரபணு பாக்டீரியாவுக்குள் இருந்தால், சோதனையின் முடிவில் ஒரு ஒளிக்கோடு தெரியும். இல்லாவிட்டால் அந்த இடம் இருட்டாகவே இருக்கும். விஷ ரகம் என்று முன்பே தெரிந்த ஒரு மாதிரியையும் பக்கத்தில் வைத்திருந்தார்கள், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அது பளிச்சென்று கோடு காட்டியது.

ஆலடிக் கண்மாயின் மாதிரிகள்... இருட்டு. கரையோரம் எடுத்தது, மடைப்பக்கம் எடுத்தது, தெப்பத்தில் போய் நடுவில் எடுத்தது... எல்லாமே இருட்டு.

"எங்கேயாவது தப்பு நடந்திருக்கும்," என்று முதலிலிருந்து செய்தாள். மறுபடி இருட்டு. விஷத்தையே நேராக அளக்கும் சோதனைக் கிட்டிலும் பார்த்தாள். ஒன்றுமில்லை.

"ஏட்டி, விஷமே இல்லைன்னா நல்ல சேதிதான? எதுக்கு மூஞ்சி இப்படிக் கெடக்கு?"

"நான் தப்பு பண்ணிட்டேன் ஃபாயிஸா."

"சோதனையிலயா?"

"ஒரு ஆளுகிட்ட."

ஃபாயிஸா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தத் தெப்பக்காரருகிட்டயா?"

"அவரைப் பத்தி நான் உன்கிட்டச் சொல்லவே இல்லையே..."

"தெப்பத்துல போனேன்னு சொன்னியே. நீ எம்புட்டோ கண்மாய்க்குப் போயிருக்க. எந்தக் கண்மாயைப் பத்திப் பேசும்போதும் உனக்கு இப்படிக் கன்னம் சிவந்ததில்ல." ஃபாயிஸாவின் குரல் மெல்ல இறங்கியது. "போய்ச் சொல்லிரு அனு. நீ சொன்னது ஊருக்கே தெரியும். மாத்திச் சொல்றதும் ஊருக்கே தெரியணும்ல?"

"சொல்லத்தான் போறேன். ஆனா ஒரு கேள்வி இருக்கு. இந்தத் தண்ணியில விஷம் இல்லைன்னா, ஆடு எப்படிச் செத்துச்சு?"

அந்தக் கேள்வியோடுதான் மறுநாள் மாரிச்செல்வியின் வீட்டு வாசலில் போய் நின்றாள். மாரிச்செல்வி மிச்சமிருந்த ஆடுகளுக்கு அகத்திக் குழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அன்னைக்கு ஆடு எந்த வழியாப் போச்சு? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"கண்மாய்க்குத்தான் தாயி போகும். தினமும் போறதுதான..." மாரிச்செல்வி நிறுத்தினாள். "இரு. அன்னைக்கு வரப்புல ஒரே சகதி. அதான் சூளைக் காட்டு வழியாப் பத்திட்டுப் போனேன். செங்கல் சூளைக்கு மண்ணு தோண்டின பள்ளம், கிடங்கு ஒண்ணு உண்டு. அதுல செத்த நேரம் தண்ணி குடிச்சுச்சுக."

"அந்தத் தண்ணி என்ன நெறம்?"

"அதுவும் பச்சைதான். கண்மாய் மாதிரியே."

"இப்பவே போய்ப் பாக்கணும் அக்கா."

"எனக்கு முட்டியில வலி தாயி, அம்புட்டுத் தூரம் நடக்க ஏலாது. இரு, ஆள் சொல்லுதேன்." போனை எடுத்தாள். "ஏலே சோலை... வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வா. ஒரு ஆளைச் சூளைக்குக் கூட்டிட்டுப் போகணும்."

அனுசியா தடுப்பதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

வந்தவன் அவளைப் பார்த்தான். பார்க்காதது போல மாரிச்செல்வியைப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டான். வண்டியைத் திருப்பி நிறுத்தினான். அவள் ஏறிக்கொண்டாள். கண்ணாடியில் ஒருமுறை இருவர் கண்களும் சந்தித்தன... இரண்டும் ஒரே சமயத்தில் விலகின.

சூளையில் வேலை நடக்கவில்லை. பின்னால் அந்தக் கிடங்கு. கண்மாயின் அதே பச்சை... அதே படலம்... அதே வாடை. சரிவில் இறங்கியவளின் கால் வழுக்கியது. விழவில்லை. முழங்கைக்குக் கீழே ஒரு கை அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

"அங்க வழுக்கும்."

"வழுக்கினதுக்குப் பொறவு சொல்றீங்க."

"நான் 'வழுக்கலாம்'னுதான் சொல்ல வந்தேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் சொன்னது குத்தலா, கேலியா என்று தெரியவில்லை. கையை விட்டுவிட்டான். பிடித்த இடம் மட்டும் வெதுவெதுவென்றிருந்தது.

பாட்டில்களை மூடி முடிப்பதற்குள் மலைப்பக்கமிருந்து மழை ஓடி வந்தது. சூளைக் கொட்டகைக்குள் ஓடி ஒதுங்கினார்கள். தகரத்தின்மேல் மழை பெய்தது... மண் வாசனையும் சாம்பல் வாசனையும் கலந்து எழுந்தன. அவள் நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து ஒரு துளி இறங்கி இமையில் நின்றது. அவன் அதைப் பார்த்தான். பார்த்ததை அவள் பார்த்தாள். இருவரும் மழையைப் பார்க்கத் திரும்பினார்கள்.

"உங்க கண்மாய்ல விஷம் இல்லை," என்றாள் மெல்ல. "நல்லாப் பாத்துட்டேன். திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். அந்த மரபணுவே அதுல இல்லை."

அவன் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். மழைத் தண்ணீரைத்தான் துடைக்கிறான் என்று நினைத்துக்கொள்வதே நல்லதென்று அவளுக்குப் பட்டது.

"பொறவு இங்க எதுக்கு வந்தீங்க?"

"ஆடு செத்ததுக்குக் காரணம் தெரியாம உங்க தண்ணி நல்லதுன்னு சொன்னா யாரு நம்புவா? அதுவும் நான் சொன்னா..." அவள் கையிலிருந்த பாட்டிலின் மூடியை மறுபடி இறுக்கினாள். "பஸ்ஸுக்கு நிக்கும்போது வருத்தப்பட மாட்டேன்னு சொன்னேன். ஏறி உக்காந்ததுல இருந்து வருத்தப்பட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னை மன்னிச்சிருங்க."

"அந்தப் புள்ளை யாரு தெரியுமா?" என்றான் அவன். "எங்க அக்கா புள்ளை. நீங்க ஓடிப்போய்த் தூக்குனதை எங்க அக்கா இன்னும் சொல்லிக்கிட்டு இருக்கா. எனக்குத்தான் அன்னைக்கு அது பெருசாப் படலை. மீன்தான் கண்ணுல நின்னுச்சு."

மழை விட்டது. ஏனோ இருவருக்குமே அது கொஞ்சம் சீக்கிரம் விட்டதாகத் தோன்றியது.

கிடங்குத் தண்ணீரின் சோதனையில் கோடு பளிச்சென்று விழுந்தது. சோதனைக் கிட்டும் அதையே சொன்னது. கடுமையான விஷம்.

ஐப்பசி பிறந்த ஞாயிற்றுக்கிழமை, ரேஷன் கடை முன்னால் ஊர் கூடியிருந்தது. கூட்டத்தின் கடைசியில் சோலைராஜ் கை கட்டி நின்றான். அனுசியா அவனைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு நான் சோதனை முடியாமலே விஷம்னு சொல்லிட்டேன். அது என்னோட அவசரம். கண்மாய்த் தண்ணியில விஷம் இல்லை. சூளைக் கிடங்குலதான் இருக்கு. ஆடு செத்தது அதுனால. மீன் வளக்கிறவரு மேல எந்தத் தப்பும் இல்லை."

பால்ச்சாமி தாடையைத் தடவினார். "போன தடவை விஷம்னீங்க. இன்னைக்கு இல்லைங்கீங்க. ரெண்டும் ஒரே பச்சை, ஒரே பாசி. அதெப்படிம்மா ஒண்ணு கொல்லும், ஒண்ணு கொல்லாது?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாரிச்செல்வி எழுந்துவிட்டாள்.

"இதுல என்ன அதிசயம்? என் மருமக ரெண்டு பேரும் அக்கா தங்கச்சிதான். ஒரே மூஞ்சி, ஒரே நடை. ஒருத்தி வாயைத் தொறந்தா தேனு. இன்னொருத்தி வாயைத் தொறந்தா நான் வீட்டை விட்டு ஓடணும்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பால்ச்சாமியும் சிரித்தார். ஆனாலும் விடவில்லை.

"சரிம்மா, கேக்கதுக்கு நல்லாத்தான் இருக்கு. மீனை மொதல்ல சாப்பிடப் போறது யாரு?"

"நான்," என்றாள் அனுசியா.

சொன்ன பிறகுதான் நினைவு வந்தது... தன் வீட்டில் யாரும் மீன் சாப்பிட்டதில்லை.

மாரிச்செல்வி வீட்டு முற்றத்தில் மீன் குழம்பு கொதித்தது. அன்று காலையில் பிடித்த கட்லா. தட்டுக்கு முன்னால் அனுசியா. சுற்றிலும் பாதி ஊர். முள்ளைப் பார்த்தாள்... மீனைப் பார்த்தாள்... எங்கே தொடங்குவதென்று விளங்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாள். தொண்டையில் ஏதோ குத்தியது. இருமினாள். கண்ணில் நீர் முட்டியது.

"பாத்தீகளா, விஷம் வேலை செய்யுது," என்றது ஒரு குரல்.

"முள்ளுய்யா அது," என்றான் சோலைராஜ். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். வெறும் சோற்றை உருட்டி விழுங்கச் சொன்னான். தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை ஒவ்வொன்றாக நீக்கி, வெறும் சதையை மட்டும் ஒதுக்கி, தட்டை அவள் பக்கம் தள்ளினான். அவளுடைய தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்துத் தானும் வாயில் போட்டுக்கொண்டான்.

அவள் சாப்பிட்டாள். நன்றாகத்தான் இருந்தது. இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினாள். ஊர் நகர்ந்து வந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டு கேட்டது. மாரிச்செல்வி மட்டும் குழம்பை ஊற்றிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

கிடங்கைச் சுற்றி ஊரார் முள்வேலி அடைத்தார்கள். சிவகாசி வண்டி வந்து மீனை ஏற்றிப் போனது. ஐப்பசி மழை இறங்கி, கண்மாயின் பச்சையைக் கலைத்துக்கொண்டு போனது.

இனி ஆலடிக் கண்மாய்க்குப் போக அனுசியாவுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆய்வகத்து ஜன்னலில் மழை வழிந்தது. 'எனக்குத்தான் காரணம் இல்லை... அவருக்கும் இல்லையா' என்று மனசு முணுமுணுத்தது.

அன்று மத்தியானம் காவலாளி வந்து, வாசலில் யாரோ தேடுவதாகச் சொன்னார். குடையில்லாமல் நனைந்து நின்றான் சோலைராஜ். கையில் ஒரு பாட்டில்.

"மகாராஜபுரம் பக்கத்துல ஒரு ஊருணி. தண்ணி லேசாப் பச்சையா இருந்த மாதிரி தெரிஞ்சது. பாத்துச் சொல்லுவீங்களா?"

பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்த வாரம் வேறொரு குட்டை. அதற்கடுத்து ஒரு கிணறு. எல்லாமே தெளிந்த தண்ணீர். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாலே தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றையும் அவள் மெனக்கெட்டுச் சோதித்தாள். முடிவைப் போனில் சொல்லியிருக்கலாம். நேரில் வந்து கேட்டுக்கொள்ளும்படி சொன்னாள்.

"இந்த ஜில்லாவுல இனி அவருக்குத் தண்ணி மிச்சமிருக்கா?" என்று கேட்டாள் ஃபாயிஸா.

கார்த்திகை தொடங்கிய ஒரு மாலை. மழை விட்டு, மலை கழுவித் துடைத்தது மாதிரி நின்றது. கல்லூரி வாசலில் வேப்ப மரத்தடியில் அவன். இஸ்திரி போட்ட சட்டை. கையில் வழக்கம்போல ஒரு பாட்டில். முகத்தில் மட்டும் வழக்கமில்லாத ஒரு கலவரம்.

"இன்னைக்கு எந்த ஊர்த் தண்ணி?"

"எங்க வீட்டுத் தண்ணி."

"உங்க வீட்டுல பச்சை பூத்திருக்கா?"

"இல்லை... எங்க அம்மா குடுத்துவிட்டாக." அவன் பாட்டிலைக் கை மாற்றிப் பிடித்தான். "வாரா வாரம் பாட்டிலைத் தூக்கிட்டு எங்கடா போறன்னு கேட்டாக. சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டேன். கேட்டுட்டுப் பானையில இருந்து மொண்டு குடுத்தாக. 'அந்தப் புள்ளைகிட்டக் குடு. எங்க வீட்டுத் தண்ணி புடிச்சிருந்தா வீட்டுக்கு வரச் சொல்லு'ன்னாக."

அனுசியாவின் பார்வை பாட்டிலுக்குப் போனது.

"அம்மா சொன்னது அது. நான் சொல்ல வந்தது வேற." அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எனக்கு உங்களைப் புடிச்சிருக்கு அனுசியா. புடிச்சிருக்கலாம்னு இல்லை. புடிச்சிருக்கு. என் பொழைப்பைக் கெடுத்துட்டீங்கன்னு கோவத்துல திரிஞ்ச அந்த நாள்லகூட, தெப்பத்துல நீங்க என் சட்டையைப் புடிச்ச இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லிருங்க. பாட்டிலை எடுத்துக்கிட்டுப் போயிருதேன்."

அவன் கையிலிருந்த பாட்டிலை அவள் வாங்கினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை. மூடியைத் திருகினாள். அண்ணாந்து, கடகடவென்று குடித்தாள். பானைத் தண்ணீரின் குளிர்ச்சி தொண்டையில் இறங்கியது... கன்னத்தில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

சோலைராஜ் பதறிப்போனான். "என்னங்க இது... டெஸ்ட் பண்ணாமலே குடிச்சிட்டீங்க?"

"உங்களை டெஸ்ட் பண்ணிட்டேன்ல... அது போதும்."

காலிப் பாட்டிலை அவன் கையில் திரும்பக் கொடுத்தாள். கொடுத்த கையை அவள் எடுக்கவில்லை. அவனும் விடவில்லை.

"எனக்கும் புடிச்சிருக்கு," என்றாள், கண்களைத் தாழ்த்திக்கொண்டு. "அத்தைகிட்டச் சொல்லுங்க... ஞாயித்துக்கிழமை வாரேன்னு."